முன்னுரிமைப் பட்டியலில் உங்கள் பெயர் கீழே இறங்கிவிட்டதா? ஆட்சேபணை முதல் உயர் நீதிமன்றம் வரை ஆசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஆண்டுதோறும் "1.1. நிலவரப்படி" என்ற வாசகத்தோடு பதவி உயர்வுக்கான முன்னுரிமைப் பட்டியல் வெளியாகிறது. அலுவலகக் கடிதமாகப் பள்ளிக்கு வந்து சேரும் முன்பே அது வாட்ஸ்அப் குழுக்களில் பி.டி.எஃப். கோப்பாக வந்துவிடும். ஆசிரியர்கள் கைப்பேசித் திரையை விரலால் பெரிதாக்கி, முதலில் தம் பெயரையும், அடுத்து தமக்கு மேலே யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்ப்பார்கள். தமக்குப் பின் பணிக்கு வந்ததாக நினைத்த ஒருவர் மேலே இருந்தால் அன்றே சண்டை தொடங்கிவிடும். இருபது ஆண்டுகளாக ஆசிரியர்களின் கோப்புகளைப் படித்து மனு எழுதிக் கொடுத்து வருபவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். இவ்வழக்குகளில் பெரும்பாலானவற்றின் முடிவு, நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன்பே, எந்தத் தேதியைப் பற்றிய சண்டை இது என்பதை ஆசிரியர் சரியாக அடையாளம் கண்டாரா, அதை எவ்வளவு விரைவில் எழுத்தில் கேட்டார் என்பதிலேயே தீர்மானமாகிவிடுகிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர்களை மனத்தில் கொண்டே இதை எழுதுகிறேன். உதவி பெறும் பள்ளிகளுக்கான விதி வேறு என்பதால் அதைத் தனியாகக் கூறியுள்ளேன்.

முதற்படி: நீங்கள் எந்த அலகில் இருக்கிறீர்கள்?

முன்னுரிமை என்பது ஒரே பதவியில், ஒரே அலகில் (தனி முன்னுரிமைப் பட்டியல் கொண்ட நிர்வாகப் பிரிவில்) உள்ளவர்களுக்கு இடையிலான வரிசையே தவிர, மொத்தப் பணிக்காலத்தின் அளவு அன்று. தொடக்கக் கல்வித் துறை, பள்ளிக் கல்வித் துறை, மாநகராட்சிப் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், மதுரை, தேனி, திண்டுக்கல் பகுதிகளில் உள்ள கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் எனப் பல நிர்வாகங்கள் இருக்கின்றன. ஒன்றில் பதினைந்து ஆண்டு பணியாற்றியவர் அலகு விட்டு அலகு மாறுதலில் இன்னொன்றுக்குச் சென்றால், அங்கே அவருடைய வரிசை புதிதாகத் தொடங்கலாம். அதேபோல, இடைநிலை ஆசிரியராக மூத்தவர் பட்டதாரி ஆசிரியர் பட்டியலில் இளையவராக இருப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை. முதுகலை ஆசிரியர்களுக்குப் பாடம் வாரியாகவும் வரிசை பார்க்கப்படுகிறது. எனவே "அவரைவிட நான் மூத்தவர்" என்று எழுதும் முன், இருவரும் எந்தப் பதவியில், எந்தப் பாடத்தில், எந்த அலகில் ஒப்பிடப்படுகிறீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். அந்த வரியை எழுத முடியாவிட்டால், பெரும்பாலும் அது முன்னுரிமைப் பிரச்சினையாக இருக்காது.

இரண்டாம் படி: சண்டை எந்தத் தேதியைப் பற்றியது?

ஓர் ஆசிரியரின் பணி வாழ்வில் குறைந்தது ஆறு தேதிகள் இருக்கின்றன. தேர்வுப் பட்டியல் வெளியான நாள், நியமன ஆணையின் நாள், பணியில் சேர்ந்த நாள், பணிவரன்முறை செய்யப்பட்ட (பணி முறைப்படுத்தப்பட்ட) நாள், தகுதிகாண் பருவம் முடித்ததாக அறிவிக்கப்பட்ட நாள், அடுத்த பதவிக்கான பட்டமோ தேர்ச்சியோ பெற்ற நாள் என்பனவே அவை. அலுவலகத்தில் எழுத்தர் ஒரு தேதியைச் சொல்வார், சங்கத்தில் இன்னொன்றைச் சொல்வார்கள், ஆசிரியரின் மனத்தில் மூன்றாவது ஒன்று இருக்கும்.

நேரடி நியமனத்தில் வந்தவர்களுக்கு அடிப்படை, தேர்வுப் பட்டியலில் அவர்கள் பெற்ற தரவரிசை. தமிழ்நாடு மாநில மற்றும் சார்நிலைப் பணி விதிகளின் பொது விதி 35(ஏ) இதைத்தான் கூறியது. அதாவது, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் ஒரே தேர்வில் 12ஆம் இடம் பெற்றவர், அனுமதிக்கப்பட்ட காலத்துக்குள் பத்து நாள் தாமதமாகப் பணியில் சேர்ந்ததால் மட்டும் 40ஆம் இடம் பெற்றவருக்குக் கீழே போய்விட மாட்டார். பணியில் சேர்ந்த நாளைக் கொண்டு கணினியில் வரிசைப்படுத்தும்போது இந்தத் தவறு எளிதில் நிகழ்ந்துவிடுகிறது.

பதவி உயர்வில் வந்தவர்களையும், ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் ஆள் எடுக்கப்படும் பணியிடங்களையும் பொருத்தவரை விதி 35(ஏஏ) பணியமர்த்தப்பட்ட நாளைப் பார்க்கிறது. ஒரே நாளில் பலர் அமர்த்தப்பட்டிருந்தால் வயதில் மூத்தவர் முன்னே நிற்பார். இதே விதியில் பலரும் கவனிக்காத ஒரு பாதுகாப்பு இருக்கிறது: ஒரே வழியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் இளையவர் முன்னதாகப் பணியில் அமர்ந்துவிட்டால், மூத்தவரும் அதே நாளில் அமர்ந்ததாகவே கொள்ளப்படுவார்.

இதன் மதிப்பை ஒரு கோப்பில் நேரில் கண்டேன். இடைநிலையிலிருந்து பட்டதாரி ஆசிரியராகப் பதவி உயர்வு பெற்ற ஓர் ஆசிரியையின் பணிப்பதிவேட்டில், சேர்ந்த நாளில் இருந்த "2" என்ற எண்ணின் மேல் நீல மையால் "3" என்று எழுதப்பட்டிருந்தது. பக்கத்தில் சான்றொப்பம் இல்லை. அவருடைய பணியேற்பு அறிக்கையின் நகலோ கரையான் அரித்து, தேதி இருந்த மூலை மட்டும் காணாமல் போயிருந்தது. அந்த ஒரு நாளை நிரூபிக்க அவர் இரண்டு ஆண்டுகள் அலைந்துகொண்டிருந்தார். பதவி உயர்வுக்கான தேர்ந்தோர் பட்டியலை வாங்கிப் பார்த்தபோது, தம்மை முந்தியதாக அவர் குறிப்பிட்ட அனைவருக்கும் மேலேதான் அவர் பெயர் இருந்தது. சேர்ந்தது இரண்டாம் தேதியோ மூன்றாம் தேதியோ, அவருக்கு அது தேவைப்படவே இல்லை. மனுவைப் பட்டியலின் அடிப்படையில் திருத்தி எழுதினோம், அலுவலக அளவிலேயே வரிசை சரிசெய்யப்பட்டது.

பணிவரன்முறை நாளையும் தகுதிகாண் பருவம் முடித்த நாளையும் பிடித்துக்கொண்டு வாதாடுபவர்கள் அதிகம். மகாராஷ்டிரத்தின் நேரடி நியமனப் பொறியாளர்கள் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1990இல் இதைத் தெளிவாக்கிவிட்டது: விதிகளின்படி ஒருவர் நியமிக்கப்பட்டுவிட்டால், அவருடைய முன்னுரிமை நியமன நாளிலிருந்துதான் கணக்கிடப்படும், பணி உறுதிசெய்யப்பட்ட நாளிலிருந்து அன்று. பணியிடம் காலியான நாளிலிருந்து முன்னுரிமை கேட்பதும் இனி எடுபடாது. 2019 நவம்பரில் மணிப்பூர் காவல் பணி தொடர்பான மேகசந்திர சிங் வழக்கில், ஒருவர் பணிக்குள் வருவதற்கு முந்தைய நாளிலிருந்து அவருக்கு முன்னுரிமை தர இயலாது என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆறு தேதிகளில் கடைசியான, பட்டம் பெற்ற நாள் வரிசையை மாற்றுவதில்லை. அந்த ஆண்டின் ஜனவரி 1 அன்று நீங்கள் தகுதி பெற்றிருந்தீர்களா என்ற கேள்விக்கு மட்டுமே அது விடை தருகிறது.

இனச்சுழற்சியும் தரவரிசையும்

தேர்வு வாரியம் தேர்ந்தவர்களை இனச்சுழற்சிப் புள்ளிகளின்படி (இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு இடம் ஒதுக்கும் சுழற்சி வரிசைப்படி) அடுக்கி வெளியிடும் பட்டியலும், மதிப்பெண் வரிசையும் ஒன்றல்ல. இனச்சுழற்சி என்பது யாருக்கு எத்தனை இடம் என்பதை நிரப்பும் கருவி மட்டுமே, முன்னுரிமையைத் தீர்மானிக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்று பிம்லேஷ் தன்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003இல் கூறியது. தமிழ்நாட்டில் நெடுங்காலம் இனச்சுழற்சி வரிசையே முன்னுரிமையாகக் கொள்ளப்பட்டு வந்தது. 2016ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசுப் பணியாளர்கள் பணி நிபந்தனைகள் சட்டத்தின் 40ஆம் பிரிவு அதற்குச் சட்ட வடிவமும் கொடுத்தது. அப்பிரிவு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. அரசுப் பணியாளர் தேர்வாணையம் மூலம் எடுக்கப்பட்டவர்கள் தொடர்பான செந்தூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில், மதிப்பெண் தரவரிசைப்படியே முன்னுரிமையைத் திருத்த வேண்டும் என்று நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கையின் வாயிலாகவே வலியுறுத்தியது. உங்கள் தேர்வில் உங்களைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்ற ஒருவர் இனச்சுழற்சிப் புள்ளியின் காரணமாக மட்டுமே மேலே வைக்கப்பட்டிருந்தால், உங்கள் கையில் உள்ள வலுவான வாதம் இதுவே. இது இட ஒதுக்கீட்டுக்கு எதிரான வாதம் அன்று என்பதையும் மனுவில் தெளிவாக எழுதுங்கள். ஒதுக்கீட்டில் கிடைத்த நியமனத்தை யாரும் இங்கே கேள்வி கேட்கவில்லை, நியமனத்துக்குப் பிந்தைய வரிசை மட்டுமே கேள்விக்குள்ளாகிறது.

தற்காலிகப் பணிக்காலமும் தொகுப்பூதியக் காலமும்

மேலே சொன்ன மகாராஷ்டிரப் பொறியாளர்கள் வழக்கின் 1990ஆம் ஆண்டுத் தீர்ப்பின் முதல் இரண்டு கூறுகளை மனப்பாடமாக வைத்துக்கொள்வது நல்லது. நியமனம் விதிகளுக்கு மாறாக, இடைக்கால ஏற்பாடாக நடந்திருந்தால் அந்தக் காலம் முன்னுரிமைக்குச் சேராது என்பது முதலாவது. நியமன முறையில் குறை இருந்தாலும், இடைவெளியின்றித் தொடர்ந்து பணியாற்றி, பின்னர் விதிப்படி முறைப்படுத்தப்பட்டவருக்கு அந்தக் காலம் சேரும் என்பது இரண்டாவது. இவ்விரண்டும் முரண்படுவதாகத் தோன்றியதால், மேற்கு வங்கத்தின் அகோர்நாத் தே வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம் விளக்கம் தந்தது: முதல் கூறில் விலக்கப்பட்ட நியமனத்தை இரண்டாவது கூறின் வழியே உள்ளே கொண்டுவர முடியாது. தமிழ்நாட்டில் பழைய விதி 10(ஏ)(1)இன் கீழ் அவசர நியமனம் பெற்றவர்களுக்கு இது பெரும் தடை.

2003 தொடங்கித் தொகுப்பூதியத்தில் (மாதம் ஒரு நிலையான தொகைக்கு) அமர்த்தப்பட்டு, 1.6.2006 முதல் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஆசிரியர்களின் நிலை இன்னும் நுட்பமானது. 1.6.2006க்கு முந்தைய காலம் முறையான பணிக்காலம் அன்று என்பதே துறையின் நிலைப்பாடு. ஆனால், பணியிடம் அனுமதிக்கப்பட்ட பணியிடம், தேர்வு முறையான தேர்வு, ஊதியம் மட்டுமே தொகுப்பூதியம் என்பதால் இரண்டாவது கூறு தமக்குப் பொருந்தும் என்று ஆசிரியர்கள் வாதிடுகின்றனர். என் கருத்தில், இந்த வாதத்தை எடுப்பவர் நியமன ஆணையின் ஒவ்வொரு நிபந்தனையையும் வரி வரியாகப் படித்த பின்னரே எடுக்க வேண்டும். "முன்னுரிமை கோர இயலாது" என்ற நிபந்தனையை ஏற்றுக் கையொப்பமிட்டிருந்தால், முதலில் அந்த நிபந்தனைக்குப் பதில் தேட வேண்டியிருக்கும்.

மாறுதல், அரசாணை 243, மாநில முன்னுரிமை

அண்மைக் காலத்தில் அதிகக் கொந்தளிப்பை உண்டாக்கியது இதுதான். தொடக்கக் கல்வித் துறையில் நெடுங்காலம் ஒன்றியமே முன்னுரிமை அலகாக இருந்தது. சொந்த விருப்பத்தில் ஒன்றியம் விட்டு ஒன்றியம் மாறுதல் பெற்றவர், புதிய ஒன்றியத்தில் அன்றைய நாளில் உள்ள அனைவருக்கும் இளையவராகக் கடைசியில் சேர்க்கப்படுவார். திருமணத்துக்குப் பின் கணவர் ஊருக்கு வந்த பெண் ஆசிரியர்கள், பெற்றோரைப் பார்த்துக்கொள்ளச் சொந்த ஊர் திரும்பியவர்கள் எனப் பலர் இந்த இழப்பை அறிந்தே ஏற்றார்கள். அவ்வாறு மாறுதல் பெறாமல் அதே ஒன்றியத்தில் காத்திருந்தவர்கள், தங்கள் முறை வரும் என்று ஆண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். 21.12.2023 நாளிட்ட பள்ளிக் கல்வித் துறையின் அரசாணை எண் 243 இந்த முறையை மாற்றி, தொடக்கக் கல்வித் துறை ஆசிரியர்களின் முன்னுரிமையை மாநில அளவுக்கு உயர்த்தியது. இழந்த வரிசை திரும்பக் கிடைத்ததாகச் சிலர் மகிழ்ந்தனர். பதவி உயர்வு வேண்டுமானால் வேறு மாவட்டத்துக்குப் போக வேண்டியிருக்கும் என்று தொடக்கக் கல்வி ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பான டிட்டோஜாக் உள்ளிட்ட அமைப்புகள் போராட்டத்தில் இறங்கின. இரு தரப்பின் மனக்குறையும் உண்மையானது என்றே நினைக்கிறேன்.

இந்த ஆணையை எதிர்த்தோ ஆதரித்தோ மனு எழுதுபவர் மூன்று சட்ட நிலைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். சொந்த விருப்ப மாறுதலில் பழைய அலகின் முன்னுரிமையை இழப்பது சட்டப்படி சரியே என்று கேரளத்தின் சுதாகரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் கூறியிருக்கிறது. எனவே பழைய இழப்பை அநீதி என்று மட்டும் சொன்னால் போதாது, புதிய விதி அதை மாற்றியதா என்பதையே காட்ட வேண்டும். அடுத்து, பதவி உயர்வுக்கான வாய்ப்பு வேறு, பதவி உயர்வுக்குப் பரிசீலிக்கப்படும் உரிமை வேறு. வாய்ப்புக் குறைவது பணி நிபந்தனையில் செய்யப்பட்ட மாற்றமாகாது என்று 1974ஆம் ஆண்டின் முகமது சுஜாத் அலி வழக்கிலிருந்து நீதிமன்றங்கள் தொடர்ந்து கூறி வருகின்றன. "பட்டியலில் 8ஆம் இடத்தில் இருந்தேன், இப்போது 3,000ஆம் இடத்துக்குப் போய்விட்டேன்" என்ற வாதம் கேட்பவரை உருக்கினாலும், தனித்து நிற்காது. மூன்றாவதாக, ஏற்கெனவே கைக்கு வந்துவிட்ட உரிமையை முன்தேதியிட்ட விதியால் பறிக்க முடியாது என்று இரயில்வே வாரியத்துக்கும் ரங்கதாமையாவுக்கும் இடையிலான வழக்கில் அரசியல் சாசன அமர்வு 1997இல் தீர்ப்பளித்துள்ளது. பழைய விதிப்படி உரிய பட்டியல் தயாராகிப் பதவி உயர்வும் பெற்றுவிட்டவர்கள் பற்றிக்கொள்ள வேண்டியது இதையே.

மாறுதலில் வந்தவர்களுக்கு இன்னொரு செய்தி. பழைய அலகில் செய்த பணி முன்னுரிமைக்குச் சேராவிட்டாலும், பதவி உயர்வுக்குத் தேவையான குறைந்தபட்ச அனுபவ ஆண்டுகளைக் கணக்கிடும்போது சேரும். பொன்னப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகக் கூறியது. "ஐந்தாண்டு அனுபவம் இல்லை" என்று அலுவலகம் ஒதுக்கிய ஆசிரியருக்கு இந்த ஒரு வரி போதும்.

தகுதித் தேர்வால் தாண்டப்படுவது முன்னுரிமை இழப்பு அன்று

1.9.2025 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, பணியில் உள்ள ஆசிரியர்களுக்கும் பதவி உயர்வுக்கு ஆசிரியர் தகுதித் தேர்வுத் தேர்ச்சி தேவை. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கும் குறைவாக உள்ளவர்கள் தேர்ச்சி இன்றிப் பணியில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு பெற இயலாது. ஐந்தாண்டுக்கு மேல் பணிக்காலம் மீதமுள்ளவர்களுக்குத் தேர்ச்சி பெற இரண்டாண்டு அவகாசம் தரப்பட்டது. சிறுபான்மையினர் நிறுவனங்கள் தொடர்பான கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. தேர்ச்சி பெறாத மூத்தவரைத் தாண்டி இளையவர் பதவி உயர்வு பெறும்போது, பலர் அதை முன்னுரிமைப் பட்டியலின் தவறாகக் கருதி மனு எழுதுகிறார்கள். தற்போதைய பதவியில் அவருடைய வரிசை அப்படியேதான் இருக்கிறது. குறைந்திருப்பது தகுதி. அத்தகைய மனுவை அலுவலகம் ஒரே வரியில் நிராகரித்துவிடும் என்பதால், நேரத்தைத் தேர்வுக்குப் படிப்பதில் செலவிடுவது மேல்.

உதவி பெறும் பள்ளிகள்

1973ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழான விதி 15(4), திறமையும் தகுதியும் முதலில், அவை ஏறத்தாழச் சமமாக இருந்தால் மட்டுமே முன்னுரிமை என்று கூறியது. ஆகவே "நான் மூத்தவர்" என்பது இங்கே முதல் வாதமாக இருக்க முடியாது. நிர்வாகம் திறமையை உண்மையாகவே ஒப்பிட்டதா, அதற்கான பதிவு இருக்கிறதா என்பதே கேள்வி. சிறுபான்மைப் பள்ளியாக இருந்தால் நிர்வாகத்தின் கை இன்னும் ஓங்கியிருக்கும். தகுதி உள்ளவர்களுக்குள் தலைமைப் பொறுப்புக்கு எவரையும் தேர்ந்தெடுக்கும் உரிமை அவற்றுக்கு உண்டு என்பது 2006ஆம் ஆண்டின் மலங்கரை சிரியன் கத்தோலிக்கக் கல்லூரி வழக்கின் முடிவு.

மூன்றாம் படி: ஆவணங்கள்

நியமன ஆணை, பணியேற்பு அறிக்கை, பணிவரன்முறை ஆணை, தகுதிகாண் பருவ ஆணை, மாறுதல் ஆணைகள், பணிப்பதிவேட்டின் முதல் பக்கமும் தொடர்புடைய பதிவுகளும், உங்கள் தேர்வின் தரவரிசைப் பட்டியல், கடந்த ஆண்டுகளின் முன்னுரிமைப் பட்டியல்கள் ஆகியவை கையில் இருக்க வேண்டும். இவற்றில் கடைசியாகச் சொன்னதே எல்லாவற்றையும்விட முக்கியம் என்பது என் அனுபவம். எந்த ஆண்டுப் பட்டியலில் உங்கள் இடம் முதன்முதலாக மாறியது என்று தெரிந்தால்தான் காரணத்தைத் தேட முடியும்.

கையில் இல்லாதவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தோடு கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடும், அதன்பின் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம். "எனக்கு ஏன் முன்னுரிமை தரவில்லை?" என்று கேட்டால் விளக்கம் தரத் தேவையில்லை என்றுதான் பதில் வரும். "இன்ன ந.க. எண் (கோப்பு எண்) கொண்ட செயல்முறைகளின் (அலுவலக ஆணையின்) நகல், இன்ன நாளிட்ட தேர்ந்தோர் பட்டியலின் 1 முதல் 100 வரையான பக்கங்களின் நகல்" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கோப்பை நேரில் பார்வையிடவும் சட்டம் இடமளிக்கிறது. குறிப்புப் பக்கத்தில் எழுத்தரும் கண்காணிப்பாளரும் எழுதியிருப்பதில்தான் பல வழக்குகளின் உயிர் இருக்கிறது.

நான்காம் படி: ஆட்சேபணை மனு

வரைவுப் பட்டியல் வெளியாகும்போது ஆட்சேபணைக்குக் கொடுக்கப்படும் அவகாசம் பெரும்பாலும் சில நாள்களே. அதற்குள் ஒரு பக்க மனுவாவது கொடுத்து, அலுவலக முத்திரையுடன் பெற்றுக்கொண்டதற்கான நகலை வாங்கிவிடுங்கள். தலைமையாசிரியர் வழியாக உரிய முறையில் அனுப்புவதோடு, முன்நகல் ஒன்றைப் பதிவஞ்சலில் நியமன அதிகாரிக்கு அனுப்புவதும் நல்லது. மனுவில் மூன்றே பகுதிகள் போதும்: பட்டியலில் இப்போது உள்ள வரிசை எண், இருக்க வேண்டிய இடம், அதற்கான விதியும் ஆவணமும். உங்களுக்கு மேலே தவறாக வைக்கப்பட்டவர்களின் பெயர்களையும் வரிசை எண்களையும் குறிப்பிடத் தயங்காதீர்கள். சக ஆசிரியரின் பெயரை எழுதுவது சங்கடமாக இருக்கலாம். ஆயினும் பெயரில்லாத மனுவை அலுவலகம் பரிசீலிப்பதும் இல்லை, பின்னர் நீதிமன்றம் பொருட்படுத்துவதும் இல்லை.

இங்கே காலக்கெடு ஒன்று இருக்கிறது. பொது விதி 35(எஃப்), முன்னுரிமையைத் திருத்தக் கோரும் மனுவை நியமனத்திலிருந்தோ, முன்னுரிமையை நிர்ணயித்த ஆணையிலிருந்தோ மூன்று ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும் என்றது. அதன்பின் வருபவை நேரடியாக நிராகரிக்கப்படும். உண்மை விவரத்தில் நேர்ந்த பிழையைத் திருத்துவதற்கு மட்டும் இந்தக் கெடு பொருந்தாது. பணிப்பதிவேட்டில் தேதியைத் தவறாக எழுதியது அத்தகைய பிழை. விதியைத் தவறாகப் புரிந்துகொண்டது அவ்வகையில் வராது. காலம் கடந்தவர்கள் தங்கள் குறை எந்த வகையைச் சேர்ந்தது என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளட்டும்.

ஐந்தாம் படி: நீதிமன்றம்

மாநில நிர்வாகத் தீர்ப்பாயம் கலைக்கப்பட்ட பின், இவ்வழக்குகள் அரசியல் சாசனத்தின் 226ஆம் உறுப்பின் கீழ் நீதிப்பேராணை (ரிட்) மனுவாகச் சென்னை உயர் நீதிமன்றத்திலோ அதன் மதுரைக் கிளையிலோ தாக்கல் செய்யப்படுகின்றன. அங்கே ஆசிரியர்களை வீழ்த்துபவை இரண்டு: தாமதம், சேர்க்க வேண்டியவர்களை எதிர்மனுதாரராகச் சேர்க்காதது.

தாமதத்துக்கு நம் மாநிலத்திலிருந்தே ஒரு பாடம் உண்டு. சதாசிவசாமிக்கும் தமிழ்நாடு அரசுக்கும் இடையிலான வழக்கில், தமக்கு இளையவருக்குத் தரப்பட்ட பதவி உயர்வை எதிர்த்து ஓர் அலுவலர் பதினான்கு ஆண்டுகள் கழித்து வந்தார். ஆறு மாதத்துக்குள், அதிகபட்சம் ஓராண்டுக்குள் வந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1974இல் கூறியது. முன்னுரிமைப் பட்டியலைப் பொருத்தவரை மூன்று, நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதைக் கலைக்க முற்படுவது ஏற்கத்தக்கதன்று என்பது முட்கல் வழக்கிலும் (1986), ஒடிசாவின் சிவசங்கர் மகாபாத்ரா வழக்கிலும் (2009) வலியுறுத்தப்பட்டது. "இடையில் பத்து மனுக்கள் கொடுத்தேனே" என்பார்கள். மனு கொடுத்துக்கொண்டே இருப்பது காலத்தை நீட்டாது என்று 2008இல் ஜேக்கப் வழக்கில், அதுவும் தமிழ்நாட்டு வழக்குதான், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடுங்கள்" என்ற எளிய கோரிக்கையோடு நீதிமன்றம் போய், நிராகரிப்பு ஆணை பெற்று, அதை எதிர்த்து மீண்டும் போனாலும் பழைய தாமதம் கழுவப்பட்டுவிடாது. பல வழக்குரைஞர்கள் இவ்வழியைப் பரிந்துரைக்கிறார்கள். இறந்துபோன கோரிக்கைக்கு அது உயிர் தராது என்பதைக் கேட்டுத் தெளிந்தபின் முடிவெடுங்கள்.

இரண்டாவது குறைக்கு ஆசிரியர்களின் வழக்கே முன்னுதாரணம். உத்தரப் பிரதேசத்தில் ஆசிரியர் வேலைநிறுத்தத்தின்போது பாடம் நடத்தியவர்களைச் சேமக் குழு ஆசிரியர்களாக வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவரைக் கூடச் சேர்க்காமல் நடந்த வழக்கில் அவர்களுக்குப் பாதகமான தீர்ப்பு வந்தது. பாதிக்கப்படுவோரை, குறைந்தது அவர்களின் பிரதிநிதிகளாகச் சிலரையேனும் சேர்க்காமல் உயர் நீதிமன்றம் அத்தகைய மனுவை விசாரித்திருக்கக் கூடாது என்று பிரபோத் வர்மா வழக்கில் 1984இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. மாநில அளவிலான பட்டியலில் ஆயிரக்கணக்கானோரைச் சேர்க்க இயலாது என்றால், சிலரைப் பிரதிநிதிகளாகச் சேர்த்து, நாளிதழ் அறிவிப்புக்கு அனுமதி கேட்கலாம். வரைவுப் பட்டியலில் மேலே இருப்பவர்களுக்கும் ஒரு சொல்: யாராவது வழக்குத் தொடுப்பார்கள் என்று அஞ்சினால் உங்களைக் கேட்காமல் ஆணை பிறப்பிக்கக் கூடாது என்னும் முன்னெச்சரிக்கை மனு (கேவியட்) தாக்கல் செய்துவிடுங்கள். அது 90 நாள் செல்லும்.

கோரிக்கையை எழுதும்போது "எனக்குப் பதவி உயர்வு தர ஆணையிட வேண்டும்" என்று கேட்காதீர்கள். பதவி உயர்வு உரிமை அன்று, பரிசீலிக்கப்படுவதே உரிமை. குறிப்பிட்ட செயல்முறைகளை ரத்து செய்து, இன்ன விதிப்படி வரிசையைத் திருத்தி, இளையவர் பதவி உயர்வு பெற்ற நாளிலிருந்து பரிசீலிக்க வேண்டும் என்று கேட்பதே முறை. இடைக்கால நிவாரணமாகக் கலந்தாய்வு முழுவதற்கும் தடை கேட்பதைவிட, ஓரிடத்தைக் காலியாக வைக்கவோ, பதவி உயர்வுகள் வழக்கின் முடிவுக்கு உட்பட்டவை என்று பதியவோ கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். கலந்தாய்வை நிறுத்தியவர் என்ற பெயரோடு ஆசிரியர் அறைக்குள் நுழைவது எவ்வளவு கடினம் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

தீர்ப்புக்குப் பின்

தனி நீதிபதியின் தீர்ப்பை எதிர்த்து 30 நாளில் அதே உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வில் மேல்முறையீடு செய்யலாம். வெற்றி பெற்றவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது கருத்தியலான பதவி உயர்வு. அதாவது, பழைய நாளிலிருந்து பதவி உயர்வு பெற்றதாகக் கொண்டு ஊதியம் நிர்ணயிக்கப்படும், ஆனால் இடைப்பட்ட காலத்துக்கான நிலுவை கிடைக்காது. பணியாற்றாத காலத்துக்கு ஊதியம் இல்லை என்ற இந்த நிலை 1989ஆம் ஆண்டின் பலூரு இராமகிருஷ்ணையா வழக்கில் ஏற்கப்பட்டது. தன் தவறில்லாமல் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டவருக்கு அக்கொள்கை பொருந்தாது என்று 1991ஆம் ஆண்டின் ஜானகிராமன் வழக்கு கூறியது. நிலுவை வேண்டுமானால் மனுவிலேயே அதைத் தனியாகக் கேட்டு, இந்த இரண்டாவது வழக்கைச் சார்ந்து வாதாட வேண்டும். ஓய்வை நெருங்கியவர்களுக்கு நிலுவை இல்லாவிட்டாலும் ஊதிய நிர்ணயமே ஓய்வூதியப் பலன்களில் பெரும் வேறுபாட்டை உண்டாக்கும்.

தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகலை நியமன அதிகாரியிடம் நேரில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். நடைமுறைப்படுத்தாவிட்டால் நீதிமன்ற அவமதிப்பு மனுவை ஓராண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும், அதைத் தாண்டினால் அந்த வழி அடைபட்டுவிடும். திருத்திய ஆணை வந்தவுடன் பணிப்பதிவேட்டில் அது பதியப்பட்டு, பதிவின் பக்கத்தில் அலுவலரின் சான்றொப்பமும் தேதியும் இடம்பெற்றிருப்பதை நீங்களே கண்ணால் பார்த்து, அந்தப் பக்கத்தை ஒரு நகல் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஜனவரியில் பட்டியல் தயாரிப்பவர் உங்கள் தீர்ப்பைப் படித்திருக்க மாட்டார், அந்தப் பக்கத்தைத்தான் பார்ப்பார்.